வெறும் வயிறு

சட்டைப் பொத்தான் காஜாவுக்குள் போகவே மாட்டேன் என்றது. மூன்றாவது தடவையும் விரல் நழுவியதும், "இந்தக் கலீஜு சட்டைய எவன்டி தச்சான்?" என்று கத்தினான் நீலமேகம். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவன் மனைவி கோவிந்தம்மாவின் கண் அவன் விரலிலேயே நின்றது. நாற்பதடி கண்டெய்னரை ராயபுரம் சந்துக்குள் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுக்கிற கை, இப்படியா வெடவெடக்கும்? ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

ஒன்பது மணிக்கு அவன் கம்பெனி டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். போன தடவை சுகர் முந்நூற்றுப் பத்து. இந்தத் தடவையும் குறையாவிட்டால் டிரெய்லர் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் நோயல் கறாராகச் சொல்லிவிட்டார். டிரைவர்களிடம் இதற்கென்றே ஒரு வைத்தியம் உண்டு. டெஸ்டுக்கு நாலு நாள் முன்னாலிருந்து சோற்றைத் தொடக் கூடாது, மாத்திரையை ரெண்டு ரெண்டாகப் போட வேண்டும், பாகற்காயை அரைத்துக் குடிக்க வேண்டும். எந்த மகராசன் ஆரம்பித்து வைத்தானோ, யார்டில் ஒருத்தன் சொல்ல இன்னொருத்தன் செய்துகொண்டே இருக்கிறான். வேளை தவறாமல் இரண்டு மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தவள் கோவிந்தம்மாதான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் அவள் சர்க்கரை டப்பாவையே தலைமுழுகி நாலு வருஷமாகிறது.

"யோவ், மறச்சு இன்னாத்தயாவது துன்னியா? சுகர் ஏறிகினு கீது, உண்மைய சொல்லு."

"வண்டி எங்க நிக்கிது? யார்டு கேட்டாண்டயா?" என்றான் அவன். சொல்லிக்கொண்டே சுவரோடு சரிந்து தரையில் குந்தினான்.

மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு வண்டி எங்கே என்று கேட்டால், கட்டிக்கொண்டவளுக்கு எப்படி இருக்கும்? இன்னும் ஒன்று போட்டால் இறங்கிவிடும் என்று நினைத்தாள். மாத்திரையைப் பிதுக்கி, அவன் தாடையைப் பிடித்து உதட்டருகில் கொண்டுபோய்விட்டாள்.

பக்கத்து வீட்டு சினேகா லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறவள். சத்தம் கேட்டு, தோளில் பையோடு அப்படியே உள்ளே ஓடிவந்தாள். ஒரே பார்வைதான். கோவிந்தம்மாவின் கையைத் தட்டிவிட்டு, அவன் விரலில் ஊசியைக் குத்தி, பையிலிருந்த சுகர் மெஷினில் ரத்தத்தை வைத்தாள்.

"யக்கா, நாப்பத்தொண்ணு!"

கோவிந்தம்மாவின் முகம் மலர்ந்தது. "அம்மாடி! அப்ப பாஸாயிடுவாருல்ல?"

"அய்யோ யக்கா, எழுபதுக்குக் கீழ எறங்குனாலே ஆபத்து, ஆளே பூடுவாரு! நீ துன்னியா துன்லயான்னு மாத்திர பாக்குமா? உள்ள சோறு இல்லன்னாலும் ரத்தத்துல கீற சக்கரைய இஸ்த்துகினேதான் இருக்கும். மூளைக்குப் போறதே அதாங்க்கா. சக்கர எடு, சீக்கிரம்!"

"சுகர்காரருக்கு சக்கரயா?"

சினேகா நிற்கவில்லை. தன் வீட்டுக்கு ஓடி டப்பாவோடு திரும்பி, தண்ணீரில் கரைத்து டம்ளரை அவள் கையில் திணித்தாள். கோவிந்தம்மாவின் கை தயங்கியது. நாலு வருஷமாக விஷம் என்று ஒளித்ததை, இன்றைக்குப் பார்த்து எப்படிக் கொடுப்பது? அதற்குள் நீலமேகமே பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான்.

"வாணாண்டி... டெஸ்டு..."

பேச்சு குழறியது. கண் எங்கேயோ சொருகப் பார்த்தது. அவ்வளவுதான், அவளுக்கு ஆவேசமே வந்துவிட்டது. "டெஸ்ட தூக்கி ஒடப்புல போடுய்யா! முழுங்கு!" என்று அழுதுகொண்டே அவன் தலையைத் தன் தோளில் சாய்த்து, மடக்கு மடக்காக ஊற்றினாள். முதல் மடக்கைத் துப்பினான். இரண்டாவது உள்ளே இறங்கியது. மிச்ச சர்க்கரையை விரலில் தொட்டு அவன் கன்னத்தின் உள்பக்கம் தடவினாள்.

கால் மணி நேரம் ஒரு யுகமாகப் போனது. வியர்வை அடங்கியது. அவன் சினேகாவைப் பார்த்து, "நீ எப்பம்மா வந்த?" என்றான். பிறகு டம்ளரைப் பார்த்தான். விஷயம் புரிந்ததும் முகம் செத்துவிட்டது.

"நாலு நாளு பட்டினி கெடந்தேனே..."

"கெடந்தும் பிரயோஜனமில்லண்ணா," என்றாள் சினேகா. "இப்பல்லாம் மூணு மாசத்துக் கணக்கு காட்டுற டெஸ்டு எடுக்குறாங்க. நாலு நாள்ல அது மாறாது. இட்லி எதுனா துன்னு. திரும்பவும் எறங்கும், ஆஸ்பத்திரிக்குப் போயே ஆவணும். நான் ஆட்டோ இட்டாறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

கோவிந்தம்மா நாலு இட்லியைத் தட்டில் போட்டு முன்னால் வைத்தாள். அவன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பிய்த்துக் கையில் கொடுத்த பிறகுதான் ஒரு வாய் வைத்தான். அப்போது அவன் போன் அடித்தது; கோவிந்தம்மா எடுத்தாள். நோயல்.

"இன்னாமா, எங்க உன் வூட்டுக்காரு? டாக்டரு வந்துட்டாரு."

"துன்னுகினு கீறாரு சார்."

"துன்றானா? இன்னாமா வெளாடுறியா? இன்னிக்கு வரலன்னா வண்டி வேற ஆளுக்குப் பூடும், ஆமா."

போனிலிருந்து வந்த சத்தம் அவனுக்கும் கேட்டது. மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். இரண்டாவது துண்டு விரலிடுக்கில் நின்றது. கோவிந்தம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து, வாயை நோக்கித் தள்ளினாள்.