பதினேழு வீட்டு எண்கள்

1

இந்தக் கதையில் வரும் நோட்டீசை அச்சுக்கோத்தவன் நான். இதை ஒப்புக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று. முந்தைய பிரதிகளில் முத்துராமலிங்கம் என்றொரு கம்பாசிட்டரை உண்டாக்கி, பழியை அவன் தலையில் போட்டிருந்தேன். அப்படி ஒருவன் எங்கள் பிரஸ்ஸில் இருந்ததேயில்லை.

2

1984. கொச்சி மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மிளகு மணக்க...

(அடித்துவிட்டேன். அன்று எனக்கு எந்த மணமும் தெரியவில்லை.)

ஒரு குழந்தை காணாமல்போய், இரண்டாம் நாள் வைப்பின் தீவில் அத்தை வீட்டில் கிடைத்தது. அதற்குள் 'பாண்டிகள் பிள்ளை பிடிக்கிறார்கள்' என்ற பேச்சு கிளம்பிவிட்டது. தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. குழந்தை வீடு திரும்பிய பிறகும் பேச்சு நிற்கவில்லை. ஒருவன் மலையாளத்தில் நோட்டீஸ் எழுதிக்கொண்டு வந்தான். 'இவர்களை விரட்டுங்கள்.' கீழே, தமிழ்க் கூலிக்காரர்கள் குடியிருந்த பதினேழு வீடுகளின் எண்கள்.

நானும் தமிழன்தான், மூன்று தலைமுறையாகக் கொச்சிக்காரன். பட்டியலில் என் வீடு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கோக்கத் தொடங்கினேன்.

3

பிரஸ்ஸில் காகிதம் மடிப்பவள் சந்தனமாரி. முந்தின வருஷம் ஜூலையில் கொழும்பில் அவள் புருஷன் செல்லதுரையைக் கடைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். மலையாளம் படிக்கத் தெரியாதவள்.

"என்னண்ணே அது? வாசிங்க."

வாசித்தேன். அவள் கண்களில்... (இல்லை. குனிந்து மடித்துக்கொண்டிருந்தாள். கண்களை நான் பார்க்கவில்லை.)

"வீட்டு நம்பருமா போட்டிருக்கு?"

"ஆமா."

"கொழும்புலயும் அவனுக கையில லிஸ்ட் இருந்துச்சு. எது தமிழ் வீடுன்னு தேடவே இல்ல, நேரா வந்தானுக. அதுக்கு முன்னால வருசக்கணக்கா பேசுனானுக, நாங்க அவனுக சோத்தத் திங்கிறோம்னு. பேச்சுதானேன்னு இருந்துட்டோம்."

(இனப்படுகொலை என்ற சொல்லை இந்தக் கதையில் எங்கே வைப்பது? கடைசிப் பக்கத்துக்கு உரியது என்று நினைத்திருந்தேன். அவள் பேச்சைக் கேட்டபின் இங்கேயே வைக்கிறேன்.)

எழுந்து வந்து, கோத்த தட்டைத் தூக்கித் தரையில் கவிழ்த்தாள். ஈய எழுத்துகள் அறை முழுக்கச் சிதறின. முதலாளி லக்ஷ்மிநாராயணன் ஓடிவந்தார்.

"என்ன காரியமாக்கும் பண்ணினே நீ? நாளைக்குக் கொடுக்கணுமே."

"நீங்களே பொறுக்கிக் கோத்துக்குங்க முதலாளி. பதினேழு நம்பரையும் உங்க கையால கோத்து வைங்க."

அவர் கைப்பிரதியை எடுத்து முழுக்கப் படித்தார். என்னிடம், "அவன் வந்தா மிஷின் ரிப்பேர்னு சொல்லிடு" என்றார்.

"ரிப்பேர்னு சொல்லாதீங்க," என்றாள் சந்தனமாரி. "மாட்டோம்னு சொல்லுங்க."

4

மறுநாள் அவன் வந்தபோது மாட்டோம் என்று சொன்னவன் நான்தான்.

(பொய். சொன்னது அவள். தனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில், "அடிக்கில்லா சேட்டா" என்றாள், அச்சடிக்க மாட்டோம் அண்ணே என்று. நான் பக்கத்தில் நின்றேன். அவ்வளவுதான்.)

கைப்பிரதியையும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே இருவரும் பதினேழு வீட்டுக் கதவையும் தட்டிச் சொன்னோம். தனித்தனியாக இருக்க வேண்டாமென்று பிள்ளைகுட்டிகளோடு எல்லோரும் ஒரே கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள்.

நாலாம் நாள் வேறெங்கோ அச்சடித்த நோட்டீஸ் வந்தது. அதில் எண்கள் இல்லை. ஒரு கும்பல் ஓட்டல் கண்ணாடியை உடைத்தது. அங்கே சாயா போடும் தமிழன் ஒச்சப்பனின் கையை முறித்தது. யாரும் சாகவில்லை.

5

இதைப் படித்த பத்திரிகை ஆசிரியர் கேட்டார்: "அவள் தடுத்தாள் என்பதற்கு என்ன ஆதாரம்? ஒரு வீட்டையாவது எரியவிடுங்கள். கதைக்கு வலு வரும்."

எரிக்க மாட்டேன்.

உங்களுக்கும் வேறு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கீழே இடம் விட்டிருக்கிறேன். வீட்டு எண்களை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.