தெருக்குத்துப் பிள்ளையார்

"ஏங்க, காலத் தொங்க உடாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"தொங்குதா? எனக்கெங்கடி தெரியுது. அது இருக்குதா இல்லியான்னே எனக்குச் சேதி வரல."

"சேதி வரலன்னா கண்ணால பாருங்க. தண்ணி கட்டிலுக்கே வந்துடுச்சு."

தமிழ்ச்செல்வி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணவர் கோவிந்தசாமியின் வலது காலை இரண்டு கையாலும் எடுத்துத் தலையணை மேல் வைத்தாள். கட்டுத்துணி நனையவில்லை. அது நனையாத வரைக்கும்தான் அந்தக் கால். சர்க்கரை வியாதி ஏற்கெனவே சுண்டுவிரலைத் தின்றுவிட்டிருந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்: "சாக்கடைத் தண்ணி புண்ணுல பட்டுச்சுன்னா, அடுத்த வாட்டி விரலோட நிக்காதும்மா. பாதத்தையே எடுக்கணும்." வீட்டுக்குள் ஐப்பசி மழை கணுக்கால் அளவுக்கு நின்றது. மழை மட்டுமா நின்றது? தெருவில் எத்தனை வீட்டுக் கக்கூஸ் தொட்டி வழிந்ததோ அத்தனையும் கூடவே வந்து நின்றது.

சிதம்பரத்திலிருந்து குமராட்சி போகிற சாலையில், நெல் விளைந்த பள்ளத்தில் மண்ணடித்துப் போட்ட மனைப்பிரிவு அமிர்தா நகர். அந்தச் சாலையில் மினிபஸ் ஓட்டிய கோவிந்தசாமி, போக வரப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, முதல் ஆளாக வீடு கட்டினார். இரண்டாவது ஆள் வைத்திலிங்கம். தெரு நேராக வந்து முட்டுகிற இடத்தில் வைத்திலிங்கத்தின் மனை. தெருக்குத்து மனை என்று யாரும் தொடாமல் கிடந்ததை அவர்தான் துணிந்து வாங்கினார். வாங்கின பிறகு துணிச்சல் போய்விட்டது.

"மச்சான், தெருக்குத்துக்குப் புள்ளையார் வச்சாத்தான் தோசம் போவுமாம்."

"வச்சிடுவோம் மாமா. கடையில வாங்கின புள்ளையாரா, களவாண்ட புள்ளையாரா?"

"களவாண்டதுக்குத்தான சக்தி ஜாஸ்தி!"

கொள்ளிடக்கரையில் ஏதோ ஓர் ஊரின் அரசமரத்தடிப் பிள்ளையார், கோவிந்தசாமியின் மினிபஸ்ஸில் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தார். "ஆருய்யா அது, ஒடம்பு முடியாதவரா?" என்று ஒரு தாத்தா கேட்டதாகவும், "ஆமாம், வயித்துல உப்புசம்" என்று கோவிந்தசாமி சொன்னதாகவும் நெடுநாள் சொல்லிச் சிரித்தார்கள். தெருமுனையில் சாக்கடை போய் முடிகிற இடத்தில் மனை போட்டவர்கள் ஒரு பெரிய கான்கிரீட் சிலாப்பு போட்டிருந்தார்கள். தயாராக இருந்த பீடம். அதன் மேலேயே பிள்ளையாரை உட்கார வைத்து, சுற்றிச் சின்னதாகச் சுவர் எழுப்பி, மேலே ஒரு கூரையும் போட்டாயிற்று. முதல் கொழுக்கட்டையைப் பிடித்தது தமிழ்ச்செல்விதான்.

அப்போது சுற்றிலும் காலி மனை. பெய்த தண்ணீர் அது பாட்டுக்குப் பரந்து, மண்ணுக்குள் போனது. பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. பின்னால் வந்தவன் முன்னால் வந்தவனைவிட ஒரு முழம் ஏற்றி மண்ணடித்தான். தொட்டி வழிகிற குழாயைச் சாக்கடையில் சொருகினான். எல்லாத் தண்ணீரும் தெருவோடு ஓடி வந்து, பிள்ளையார் சிலாப்பில் முட்டி, திரும்பி, பக்கத்திலிருந்த பள்ளத்து வீட்டுக்குள் நுழைந்தது. முதலில் கட்டிய வீடு பள்ளத்து வீடாகிவிட்டிருந்தது.

மழை ஓய்ந்ததும் தமிழ்ச்செல்வி வைத்திலிங்கத்தின் கேட்டைத் தட்டினாள்.

"அண்ணே, புள்ளையார நவுத்தி வச்சுட்டு அடைப்ப எடுக்கணும்."

"காலங்காத்தால நல்ல பேச்சா வாயில வராதா தமிழு?"

"நல்ல தண்ணியா ஊட்டுக்குள்ள வந்தா நல்ல பேச்சு வரும். ஒங்க மச்சான் காலு போயிரும்ணே."

"அதுக்கு என் ஊட்டு மேல தெருக்குத்து உழட்டும்ங்கிறியா? அவர் வந்து ஒக்காந்தப்புறம்தான் என் பையனுக்கு வேலையே கெடச்சுது."

"ஒங்களுக்கு வேலையக் குடுத்துட்டு எங்களுக்குச் சாக்கடையக் குடுத்துட்டாரு. நல்லா பங்கு பிரிச்சிருக்காரு."

உள்ளேயிருந்து வைத்திலிங்கத்தின் மனைவி செல்லாயி எட்டிப் பார்த்தாள். "அண்ணி, சாமியப் பத்தி அப்படிப் பேசாதீங்க."

"வேற ஆரப் பத்திப் பேச? அவரு ஒருத்தர்தான் எதுத்துப் பேச மாட்டேங்கறாரு."

அன்றைக்கே அவள் பஸ் ஏறி ஒன்றிய ஆபீசுக்குப் போனாள். போனாள் என்பது ஒரு சொல், போய்க்கொண்டேயிருந்தாள். கடைசியில் சிந்துஜா என்ற சின்ன வயது இன்ஜினியர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். செருப்பு நனையாமல் ஒரு கல்லின் மேல் நின்றுகொண்டு தெருவைப் பார்த்தாள்.

"லேஅவுட் போடறவங்க ரோடு, சாக்கடை, தண்ணிக் குழாய், லைட்டுக் கம்பம் எல்லாத்தையும் போட்டு முடிச்சு, ரோட்ட பஞ்சாயத்துக்குத் தானமா எழுதிக் குடுக்கணும்மா. சாக்கடைத் தண்ணி எங்க போயிச் சேருதுன்னும் காட்டணும். இங்க காட்டியிருக்காங்க. இந்தச் சிலாப்புக்கு அடியில குழாய் போயி, அந்தாண்ட வடிகால் வாய்க்கால்ல உழுவுது."

"உழுவுதா மேடம்?"

"பிளான்ல உழுவுது."

"நெஜத்துல?"

"சிலாப்பத் தூக்கினாத்தான் சொல்ல முடியும். அது மேல நீங்க சாமிய வச்சிருக்கீங்க. சாமிய நான் தொட மாட்டேன்மா, எனக்கு சர்வீஸ் இன்னும் நெறைய இருக்கு. தெருவே சேர்ந்து எடுத்துக் குடுங்க. நான் மிசின் அனுப்பறேன்."

தெருவைச் சேர்ப்பது லேசான காரியமா? தமிழ்ச்செல்வி வழி கண்டுபிடித்தாள். கோயிலைப் புதுப்பிக்கும்போது பாலாலயம் செய்து சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைப்பார்களே, அதைச் செய்தால் குற்றமில்லை என்று குருக்கள் வாயால் சொல்ல வைத்தாள். குருக்கள் சொன்னதைச் செல்லாயி காதில் போட்டாள். செல்லாயி வைத்திலிங்கத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"ஏன்யா, நம்ம போர்டிகோவுல நாலு நாளு இருந்துட்டுப் போகட்டுமே. அந்த மனுசன் உனக்காகப் புள்ளையாரத் தூக்கினவரு. அவரு கால நீ பாக்க மாட்டியா?"

"பாக்க மாட்டேன்னு ஆருடி சொன்னா? மொறையா செய்யணும்னுதான் சொன்னேன்."

முறையாகவே செய்தார்கள். கலசம் வைத்து, கற்பூரம் காட்டி, பிள்ளையாரை வைத்திலிங்கத்தின் போர்டிகோவுக்குக் கொண்டு போனார்கள். கோவிந்தசாமி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். "மெதுவா தூக்குங்கடா, அவரு எங்கூட பஸ்ல வந்தவரு" என்றார். நெடுநாளைக்குப் பிறகு தெரு சிரித்தது. தமிழ்ச்செல்வியும் சிரித்தாள். இன்றோடு தண்ணீர் போய்விடும் என்று நினைத்தாள். அந்த நினைப்பிலேயே எல்லாருக்கும் காப்பி போட்டாள்.

மிசின் வந்தது. சுவரைத் தட்டிவிட்டு, சிலாப்பின் ஓரத்தில் பல்லைக் கொடுத்து நெம்பியது. சிலாப்பு எழுந்தது. எல்லாரும் குனிந்தார்கள்.

கீழே மண் இருந்தது.

களிமண். நெல் அறுத்த தாள் மக்காமல் கறுத்துக் கிடந்தது. நண்டு வளை ஒன்று இருந்தது. குழாய் இல்லை.

"இன்னும் கொஞ்சம் தோண்டுய்யா" என்றாள் சிந்துஜா.

டிரைவர் தோண்டினார். இன்னும் மண்.

"இன்னும்."

"மேடம், இதுக்குக் கீழ தோண்டினா பாதாளம்தான் வரும். குழாயே போடல. சாக்கடை வாய வச்சு, மேல சிலாப்ப மூடிட்டுப் போயிட்டான்."

குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தமிழ்ச்செல்விக்கு மட்டும் மனசு ஒரு பக்கம் குதித்தது. குற்றம் சாமியுடையதுமில்லை, வைத்திலிங்கத்துடையதுமில்லை. மனை போட்ட சபாபதியுடையது. இனிமேல் தெரு முழுக்க ஒரே பக்கம் நிற்கும். அவள் திரும்பி வைத்திலிங்கத்தைப் பார்த்தாள். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா தமிழு? என் புள்ளையார் மேல எவ்ளோ பழி போட்ட! அவரு பாட்டுக்குச் சும்மா ஒக்காந்திருந்தாரு. எல்லாரும் பாத்துக்குங்கப்பா, என் புள்ளையார் எதையும் அடைக்கல!"

"அண்ணே, அது சரிண்ணே. இப்ப சபாபதிய இல்ல போயிக் கேக்கணும்?"

"கேப்போம், கேப்போம். மொதல்ல நீ அவருகிட்ட மன்னிப்புக் கேளு."

சபாபதியே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார். குழிக்குள் எட்டிப் பார்த்து, இழவு வீட்டில் சொல்வது போல நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"காண்ட்ராக்டர் பய ஏமாத்திட்டான். நான் என்னா பண்ணட்டும்? நான்தான் ரோட்டையும் சாக்கடையையும் பஞ்சாயத்துக்குத் தானம் குடுத்துட்டனே. வாங்கின பஞ்சாயத்து பாத்து வாங்கியிருக்கணும்."

சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப நான் இங்க சர்வீசுல இல்ல சார். வாங்கினவங்க மேலாக்க பாத்துட்டு வாங்கியிருக்காங்க."

"தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சா பாப்பாங்க?" என்றார் சபாபதி.

"சரி, இப்பவாவது குழாயப் போட்டுக் குடுங்க" என்றாள் தமிழ்ச்செல்வி. "வாய்க்கால் அந்தாண்டதான இருக்குது."

"எதும்மா அந்தாண்ட? வாய்க்காலுக்குப் போற வழியெல்லாம் இப்ப மனையாயிடுச்சு. ஊடு வந்துடுச்சு. அவங்க படுக்கை ரூமுக்கு அடியிலயா குழாயக் கொண்டு போறது?"

"அந்த மனைய வித்தது ஆரு?"

சபாபதி அவளை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்துப் பேசினார். "நான் ஒண்ணு சொல்றேன். கேஸு, மனு, பேப்பருன்னு போனீங்கன்னா அமிர்தா நகர்னாலே தண்ணி நிக்கிற நகர்னு பேரு வந்துடும். நாளைக்கு ஒரு கண்ணாலம், ஒரு படிப்புன்னு மனைய விக்கப் போனா எவன் வாங்குவான்? நெனச்சுப் பாருங்க. புள்ளையாரக் கெளப்பிட்டீங்க; அவர நல்லபடியா ஒக்கார வைக்கறது என் பொறுப்பு. டைல்ஸ் போட்டு, கோபுரம் வச்சு, கும்பாபிசேகம் பண்ணித் தரேன்."

தெரு நினைத்துப் பார்த்தது. நினைத்துப் பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

"என்னாண்ணே, வாயத் தொறங்க" என்றாள் தமிழ்ச்செல்வி.

வைத்திலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். "அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்குது தமிழு. தண்ணி மழைக்கு மட்டும்தான் வருது. பேரு கெட்டா வருசம் பூரா கெட்டது."

"தண்ணி எங்க ஊட்டுல வருதுண்ணே. அதான் ஒங்களுக்கு மழைக்கு மட்டும் வருது."

குழியை மூடினார்கள். அதே சிலாப்பையே போட்டு, அதன் மேல் செங்கல் அடுக்கத் தொடங்கினார்கள். சிந்துஜா ஆபீசில் எழுதி வைப்பதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். அப்புறம் போன் எடுக்கவில்லை.

கார்த்திகை முதல் மழையில் தண்ணீர் மறுபடி வந்தது. தமிழ்ச்செல்வி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். கோவிந்தசாமி அவசரமாகக் கக்கூசுக்குப் போக எழுந்து, கட்டுப் போட்ட காலைத் தண்ணீருக்குள் வைத்திருக்கிறார். வைத்தது அவருக்கே தெரியவில்லை. அவள் வந்து பார்த்தபோது கட்டுத்துணி கறுத்து ஊறியிருந்தது.

"எங்கியாவது பட்டுச்சா?"

"தெரியலியே தமிழு."

டாக்டர் சொன்னது போல விரலோடு நிற்கவில்லை. பாதி பாதத்தை எடுத்தார்கள். "மிச்சத்தையாவது காப்பாத்திக்கம்மா. ஈரம் ஆகாது" என்று அனுப்பினார்கள். வைத்திலிங்கம் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் பக்கத்தில் நின்று விசும்பி அழுதார். பொய் அழுகை இல்லை. அழுது முடித்துவிட்டு, "கும்பாபிசேகத்துக்குள்ள வந்துருவ மச்சான்" என்றார்.

கும்பாபிஷேகத்தன்று விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. பந்தலின் கீழ் மைக் செட் பாடியது. வாசலில் வெள்ளைக் கார் நின்றது. இங்கே கூடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. போன வருஷம் வரை பின்புறக் காலி மனைக்கு மோட்டார் வைத்து இறைத்துவிடுவாள். இப்போது அந்த மனைக்காரர் மதில் எழுப்பிவிட்டார். கட்டிலுக்குக் கீழே செங்கல் கொடுத்து உயர்த்தியாயிற்று; அதற்கு மேல் உயர்த்த வழியில்லை.

"தமிழு, மேளம் கேக்குது. நீ போயி ஒரு கும்புடு போட்டுட்டு வாயேன்" என்றார் கோவிந்தசாமி.

"தோ போறேன்."

அவள் மோட்டாரைக் கூடத்துத் தண்ணீரில் இறக்கினாள். குழாயை வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போய், வாயைத் தெருவில் வைத்தாள். சுவிட்சைப் போட்டாள். குழாய் ஒரு தரம் உதறிக்கொண்டு கக்கியது. கறுப்பும் மஞ்சளுமாகத் தண்ணீர் கோலத்தின் மேல் ஏறி, பந்தலுக்குள் நுழைந்து, மனைப்பலகைகளைச் சுற்றிக்கொண்டது. நாற்றம் மேளத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

"ஏய், எவ அவ! நிறுத்துடி!"

"சாமி காரியத்துல சாக்கடைய உடறியே, நீயெல்லாம் பொம்பளயா?"

செல்லாயி ஓடி வந்து கையைப் பிடித்தாள். "அண்ணி, அண்ணி, கலசம் ஏர்ற நேரம். ஒங்க காலப் புடிக்கறேன், நிறுத்துங்க."

"காலு ஏற்கெனவே பாதிதான் இருக்குது செல்லாயி, அதுவும் அவரோடது. உடு."

சபாபதி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றார். "தண்ணிய வேற பக்கம் உடச் சொல்லுங்கய்யா!" என்று கத்தினார்.

"உடறேன்" என்றாள் தமிழ்ச்செல்வி. "வேற பக்கம் எதுன்னு சொல்லுங்க. நீங்கதான மனை போட்டீங்க? எடத்தக் காட்டுங்க, இப்பவே குழாயத் திருப்பறேன்."

சபாபதி கிழக்கே பார்த்தார். அங்கே வீடு. மேற்கே பார்த்தார். அங்கேயும் வீடு.

"நீங்க சொல்லுங்கண்ணே. நீ சொல்லு செல்லாயி. ஆராவது சொல்லுங்களேன்."

குருக்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாரத்தின் மேலிருந்து கீழே பார்த்தபடி நின்றார். ஒருவரும் கையை நீட்டவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"தமிழு!" என்று உள்ளேயிருந்து கோவிந்தசாமி கூப்பிட்டார். "தண்ணி எறங்குதுடி!"

"எறங்கட்டும்" என்றாள் அவள், சுவிட்சுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே.