இடது பக்கக் கதவு

கணக்குப் படிப்பித்த கமலேஸ்வரி ரீச்சரிடம் ஒரு நீல நிற மொறிஸ் மைனர் கார் இருந்தது. எழுபத்துமூன்றாம் ஆண்டில் திருகோணமலையில் கார் ஓட்டிய பெண்கள் மிகச் சிலர். துறைமுகத்தை அண்டியிருந்த பள்ளிக்கூட மதிலோரம், வாகை மர நிழலில்தான் அவர் அதை நிறுத்துவார்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வாடகை வான் ஒன்று பின்னோக்கி வந்து காரின் இடது கதவை நசுக்கிவிட்டது. ஓட்டியவர் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்த தங்கத்துரை. லைசென்ஸ் எடுத்துப் பத்து நாள்தான். ஓடிப் பழக, வாடகைக்கு வான் விடும் ஜெமீலிடம் அதை எடுத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு ரீச்சர் வரும்வரை வெயிலில் நின்று மன்னிப்புக் கேட்டவர், நட்டஈடு என்றதும் தன்னில் பிழை இல்லை, வானின் பிறேக் பிடிக்கவில்லை என்றார்.

ரீச்சர் ஜெமீலிடம் போனார். ஜெமீல் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, மிகுந்த மரியாதையோடு மறுத்தார்.

"வாடகைக்குக் குடுத்தா வான் அவர்ர பொறுப்பு ரீச்சர். வான் தானாப் போய் முட்டல்லியே."

பொலிஸில் இருவரையும் ஒன்றாகக் கூட்டிவரச் சொன்னார்கள். ஜெமீலுக்கு வசதியான நாளில் தங்கத்துரைக்குக் கப்பல் வேலை வந்தது. தங்கத்துரை வந்த நாளில் ஜெமீல் மூதூரில் யாரோ இறந்த ஒரு மௌத்து வீட்டில் நின்றார். இப்படியே மூன்று கிழமை போயிற்று. கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து இறங்கும் ரீச்சரைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அவர் மறுபடி ஜெமீல் வீட்டுக்குப் போனபோது, கழுவித் துடைத்த வானில் தங்கத்துரையும் அவருடைய தாயும் வெற்றிலைத் தட்டத்தோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை ஓட்டப்போகிறவர் ஜெமீல். இருவரும் ஒரே இடத்தில் அகப்பட்டதைக் கண்ட ரீச்சர் முன் சீற்றில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு முடிவு சொல்லுங்கோ. அதுவரைக்கும் நான் இறங்கமாட்டன்."

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மகன் காரை இடித்த கதை தாய்க்குத் தெரியாது. ரீச்சரை யாரோ ஜெமீலுக்குத் தெரிந்த ஆள் என்று நினைத்து, புறப்படச் சொல்லி அவசரப்படுத்தினார். போகிற இடம் குச்சவெளி என்பதும், போவது பெண் பார்க்க என்பதும் நிலாவெளி தாண்டிய பிறகுதான் ரீச்சருக்குத் தெரிந்தன. வெட்கமாகப் போய்விட்டது. வானுக்குள்ளேயே இருந்துவிடலாம் என்று பார்த்தார். பெண் வீட்டார் விடவில்லை. மாப்பிள்ளையின் சொந்தம் என்று நினைத்து உள்ளே கூட்டிப்போய், தாய்க்குப் பக்கத்தில் இருத்திப் பலகாரம் வைத்தார்கள்.

பெண்ணின் தகப்பன் முருகேசு, படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று, மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என ரீச்சரிடமே கேட்டார். தங்கத்துரை நிலத்தைப் பார்த்தார். ரீச்சருக்குப் பொய் சொல்ல வராது.

"எனக்கு அவரை வடிவாத் தெரியாது. நிப்பாட்டி வைச்சிருந்த என்ரை காரை இடிச்சவர். மூண்டு கிழமையாச் சாட்டுச் சொல்லிக்கொண்டு திரியிறார்."

தாயின் கையிலிருந்த வடை வாய்க்குப் போகவில்லை.  அறைக்குள் இருந்து பெண், இரத்தினேஸ்வரி, குரல் கொடுத்தாள்.

"இடிச்சுப்போட்டு ஓடினவரோ, நிண்டவரோ?"

ரீச்சர் சற்று யோசித்தார். "நிண்டவர். ரெண்டு மணித்தியாலம் வெயிலுக்கை நிண்டவர்."

"அப்ப, கதவைச் செய்து குடுத்திட்டு வரட்டும்."

மகளின் வாய்க்காக முருகேசு மன்னிப்புக் கேட்டார். ஆனால் மறுப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது நிலாவெளிவரை தாய் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு மூடவில்லை. பிறேக்குக்காக ஜெமீலையும், மற்ற எல்லாவற்றுக்காகவும் மகனையும் மாறி மாறி ஏசினார். ஊருக்குள் வருவதற்குள் கதவை நிமிர்த்துவது ஜெமீலின் பாடு, பெயின்ற் அடிப்பது தங்கத்துரையின் பாடு என்று தீர்ந்துவிட்டது.

அந்த வருடம் கடைகளில் நீலப் பெயின்ற் கிடைக்கவில்லை. தங்கத்துரை தேடிக் கொண்டுவந்தது தோணிக்கு அடிக்கிற பச்சை. நீலக் காரில் ஒற்றைப் பச்சைக் கதவைக் கண்ட ரீச்சர் ஒரு நாள் முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. அடுத்த நாள் கதவைத் திறந்தும் சாத்தியும் பார்த்தார். முந்தியைவிட நன்றாகப் பொருந்தியது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ரீச்சரை மாப்பிள்ளை பகுதியில், தாய்க்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்கள். பெண் பகுதிச் சொந்தக்காரர் வந்து இவர் என்ன முறை என்று கேட்டபோது, தாய் கொஞ்சமும் யோசிக்காமல் தன் தங்கச்சி என்றார். ரீச்சரும் மறுக்கவில்லை.