ஊர்த் தண்ணீரில் கலந்தது

காப்பர் ஹாலோவில் பல் டாக்டர் என்றால் லெம்பி ரவுத்தியோ ஒருத்திதான். சுப்பீரியர் ஏரிக்கரைச் சுரங்க ஊர் அது. சுரங்கத்தை மூடிப் பல காலமாகியும் ஆட்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. அவர்களுடைய பற்கள்தான் போய்க்கொண்டிருந்தன. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது லெம்பிக்கு வாரம் தவறாத வேலை. பிடுங்கிப் பிடுங்கி மனம் கசந்துதான் ஊர்த் தண்ணீரில் பல் சொத்தையைத் தடுக்கும் புளோரைடு கலக்க வேண்டும் என்று அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஊர் மன்றமும் ஒருவழியாக ஒப்புக்கொண்டது. சில வருடங்களில் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்த பிள்ளைகளைப் பார்த்து லெம்பி முதன்முறையாகச் சும்மா சிரித்து அனுப்பிவைத்தாள்.

கடைசிவரை ஒப்புக்கொள்ளாத ஆள் ஓனி காலியோ. முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். லெம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவர். கத்தி கழுத்தில் இருக்கும்போது எதிர்த்துப் பேச யாருக்கு மனம் வரும்? அந்தத் தைரியத்தில் நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் தன் கட்சியைப் பேசுவார். லெம்பி ஒருத்திதான் வாசலில் நின்றபடியே பதில் சொல்லுவாள்.

"நல்லதாவே இருக்கட்டும் லெம்பி. என் தம்ளர்ல ஊத்துறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கணுமா, வேண்டாமா?"

"ஊரைக் கேட்டோமே."

"ஊரா குடிக்குது? நான்ல குடிக்கிறேன்."

"குளோரின் போட்டப்போ வாயை மூடிட்டுத்தானே குடிச்சே?"

"அது தண்ணியைச் சுத்தம் பண்ண. இது என்னைச் சுத்தம் பண்ண. மருந்துன்னா ஆளைப் பார்த்துக் குடுக்கணும் டாக்டரம்மா. பச்சைப்பிள்ளை பல்லும் என் பல்லும் ஒண்ணா?"

"உனக்குத்தான் பல்லே இல்லையே, உனக்கு என்ன கவலை?"

கடையே சிரித்தது. ஓனியும் பொய்ப்பல் தெரியச் சிரித்தார்.

ஆனால் ஒருநாள் ஆள் இல்லாத நேரத்தில் அவர் சிரிக்காமல் ஒன்று கேட்டார். அவர் மனைவி சைமாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினை வீட்டுப் பின்னறையிலேயே வைத்து, ஓனிதான் ஓட்டினார். மெஷினுக்கு வேண்டிய தண்ணீர் ஊர்க் குழாயிலிருந்துதான் வந்தது, அதில் கலந்திருப்பது ரத்தத்திலும் ஏறும்.

"அவ மெஷினுக்கும் இந்தத் தண்ணிதான் போகுது. ஒண்ணும் ஆகாதே?"

"கலக்குறது ரொம்பக் கொஞ்சம் ஓனி. பயப்படாதே" என்றாள் லெம்பி. சிறுநீரக டாக்டர் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை.

ஓனி விடவில்லை. ஊரில் கையெழுத்து வாங்கி, புளோரைடு வேண்டுமா என்று வாக்கெடுப்பு கொண்டுவந்தார். நவம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை அதற்குக் குறித்தார்கள்.

அதற்கு முந்தின சனிக்கிழமை பனிப்புயலில் ஊரெல்லாம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வழிபாட்டுக்குப் பிறகு கொடுத்த காப்பி ஒருமாதிரி இருந்ததாகச் சிலர் சொன்னார்கள். மாலைக்குள் நாலைந்து பேர் வாந்தி எடுத்தார்கள். காப்பியோடு வைத்த ஊறவைத்த மீன்மேல் பழி விழுந்தது. மீனைக் கொண்டுவந்தவள் வீட்டுக்குப் போய் அழுதாளாம்.

திங்கட்கிழமை காலை லெம்பியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஹில்மா என்ற கடைக்காரி, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்ன டாக்டர், தண்ணி இப்படிக் கரிக்குது? மருந்து ஏதும் போட்டீங்களா?"

"இல்லையே" என்று சொல்லி லெம்பி குழாயைத் திறந்து நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள். உப்பும் உலோகமும் கலந்த ஒரு ருசி நாக்கைப் பிடித்தது. ஹில்மாவைப் பாதி வேலையிலேயே அனுப்பிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு பம்ப் கொட்டகைக்கு ஓடினாள்.

தண்ணீர் விடும் ரூபன் பெல்தோ வெளிறிப்போய் நின்றிருந்தான்.

"கிணத்து மோட்டார் நின்னிருக்கு டாக்டர். புளோரைடு விடுற மருந்து மோட்டார் மட்டும் நிக்காம ஓடியிருக்கு. மருந்தெல்லாம் குழாய்லயே தேங்கிட்டு, கிணத்து மோட்டார் ஓடினதும் மொத்தமா ஊருக்குள்ள போயிடுச்சு."

"அது நின்னா இதுவும் நிக்கணும்ல?"

"நிக்கணும். நிக்கல."

"யாருகிட்ட சொன்னே?"

"தலைவர்கிட்ட மட்டும்தான். யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னுட்டார்."

ஊர் மன்றத் தலைவர் கார்ல் ஹென்ரிக்சன் தன் இரும்புக் கடையின் உள்ளறையில் இருந்தார். லெம்பியை உட்காரவைத்தார், கதவைச் சாத்தினார்.

"ரூபன் தெருக்குழாயெல்லாம் திறந்துவிடப் போறான். சாயங்காலத்துக்குள்ள எல்லாம் வெளிய போயிடும். குழாய் கழுவுறோம்னு சொல்லிக்கலாம்."

"அதுவரைக்கும் ஜனங்க குடிப்பாங்களே கார்ல்."

"ரெண்டு நாளா குடிச்சாங்க. நாலு பேருக்கு வாந்தி. செத்தா போயிட்டாங்க? இப்போ ரேடியோவுல சொன்னா நாளைக்கு ஓட்டு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். நீங்க பட்ட பாடெல்லாம் பாழ். அப்புறம் உங்க ஆயுசுக்கும் இந்த ஊர்ல புளோரைடுன்னு யாரும் வாயைத் திறக்க முடியாது. பிள்ளைங்க பல்லை நினைச்சுப் பாருங்க. ஒரே ஒரு மத்தியானம்தான் கேக்குறேன்."

லெம்பி சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பிடுங்கிய பற்கள் எல்லாம் கண்முன் வந்தன. இந்த மனிதர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று ஒரு பக்கம் மனம் இழுத்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

ஜன்னலுக்கு வெளியே தெருக்குழாய் திறந்து, தண்ணீர் பனியை அரித்துக்கொண்டு ஓடியது. ஒரு நாய் வந்து அதை நக்கியது, தலையை உதறியது, மறுபடி நக்கியது. மதியம் சாய்ந்துகொண்டிருந்தது. ரூபன் பூட்ஸில் பனியோடு உள்ளே வந்தான்.

"மேல்தெருவுல சரியாயிடுச்சு. எல்லாம் கீழ்க்கடைசிக்குத் தள்ளிட்டுப் போகுது. ரயில் தெருப் பக்கம்தான் இப்போ கடுமையா இருக்கும்."

ரயில் தெருவில் கடைசி வீடு ஓனியுடையது. திங்கட்கிழமை மத்தியானம் சைமா மெஷினில் இருப்பாள்.

லெம்பி மேஜைமேல் இருந்த போனை எடுத்து ஓனி வீட்டு நம்பரைச் சுற்றினாள். ரயில் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரே லைன், யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். போனை வைத்தாளா, அப்படியே போட்டாளா என்று அவளுக்கே தெரியாது. பனியில் கார் வழுக்க வழுக்க ஓட்டிக்கொண்டு போய், கதவைத் தட்டாமல் பின்னறைக்குள் நுழைந்தாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சைமாவின் முகத்தில் வேர்வை.

"லெம்பியா? வா. என்னன்னே தெரியல, உடம்பெல்லாம் அரிக்குது. நெஞ்சு வேற படபடங்குது."

"ஓனி, மெஷினை நிறுத்து. தண்ணியில கோளாறு. உடனே நிறுத்து."

ஓனி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, நிறுத்தினார். அவர் ஊசியைக் கழற்றிக் கட்டுப்போடும்போது லெம்பி பேசிக்கொண்டிருந்தவர்களைப் போனை விடச்சொல்லி அதட்டி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அடுத்து ரேடியோ நிலையத்தைக் கூப்பிட்டாள். "காப்பர் ஹாலோவுல யாரும் குழாய்த் தண்ணி குடிக்காதீங்க. சமைக்காதீங்க. புளோரைடு அளவுக்கு மீறிப் போயிருக்கு. இதைச் சொல்றது டாக்டர் லெம்பி ரவுத்தியோ" என்றாள். மறுமுனையில் கேட்டு எழுதியவன் அவள் பெயரை இரண்டு தரம் கேட்டான்.

பெரிய ஆஸ்பத்திரி வெகுதூரம். சாலையில் பனி. இருட்டுவதற்குள் சைமாவின் இதயம் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி நடையில் ஓனி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். லெம்பி பக்கத்தில் போய் நின்றாள்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வழி இருந்தது. அவள் சொல்லவில்லை.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே."

ஓனி தன் கையைப் பார்த்தார். பிறகு, "நாங்க சாப்பிட்டப்புறம்தான் மெஷினைப் போட்டேன்" என்றார். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

மறுநாள் வாக்கெடுப்பில் புளோரைடு படுதோல்வி அடைந்தது. ரூபன் மருந்து மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு ஊருக்குப் போய்விட்டான். கார்ல் பதவியை விட்டார், கடையை விடவில்லை. லெம்பியின் நாற்காலிக்குப் பிள்ளைகள் மறுபடி அழுதுகொண்டு வரத் தொடங்கினார்கள். அவள் பிடுங்கினாள். ஓனியின் கடையைத் தாண்டிப் போகும்போது எதிர்ச்சாரியில் நடந்தாள்.

வருடங்கள் போயின. புதிதாகத் தலைவராக வந்த கெவின் மெர்சர் வெளியூர்க்காரர், சுறுசுறுப்பானவர். புளோரைடைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று லெம்பியைத் தேடி வந்தார்.

"கூட்டத்துல நீங்க நாலு வார்த்தை பேசணும் டாக்டர். உங்க பேச்சுக்குத்தான் இங்க மதிப்பு."

"பேசறேன். அதனால பிள்ளைங்களுக்கு என்ன நல்லதுன்னும் சொல்வேன். சைமாவுக்கு என்ன ஆச்சுன்னும் சொல்வேன்."

"பழசெல்லாம் எதுக்குங்க? இப்போ மெஷினுக்குத் தனியாச் சுத்திகரிப்பு வந்தாச்சு. மோட்டாருக்கும் நல்ல பாதுகாப்பு இருக்கு."

"அதையும் சொல்லலாம். மூணையும் சேர்த்துச் சொல்றதுன்னா என்னைக் கூப்பிடுங்க."

அவர் கூப்பிடவில்லை. லெம்பி கூப்பிடாமலே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மறுகோடியில் ஓனி இருந்தார், நன்றாக நரைத்திருந்தார். மேடையில் மெர்சரும் மன்றத்தாரும் வரிசையாக இருந்தார்கள். புது மோட்டாரின் படத்தைக் காட்டி, "இதுல தப்பு நடக்க வாய்ப்பே இல்லை" என்றார் மெர்சர். சபை தலையாட்டியது.

லெம்பி எழுந்தாள். நல்லதைச் சொன்னாள். கெட்டதையும் சொன்னாள். கார்லின் உள்ளறையில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள். ஊருக்கு அது புதுச் செய்தி. சிலர் திரும்பி ஓனியைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவரிசையில் ஒரு பெண், மடியில் பிள்ளையோடு, பொறுமை இழந்து கேட்டாள்: "இப்போ போடலாங்கிறீங்களா, வேண்டாங்கிறீங்களா டாக்டர்?"

"போடலாம்" என்றாள் லெம்பி. "மோட்டார் கெடும். எது கெடாம இருக்கு? கெட்டா அந்த நிமிஷமே ஊருக்குச் சொல்றேன்னு, ஓட்டு போனாலும் பதவி போனாலும் சொல்றேன்னு, இந்த மேடையில இருக்கறவங்கள்ல யாராவது ஒருத்தர் எழுந்து நின்னு சொல்லட்டும். அப்புறம் போடுங்க."

சபை மேடையைப் பார்த்தது. மெர்சர் தம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். மற்றவர்கள் முன்னாலிருந்த காகிதங்களை அடுக்கினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு மெர்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, புளோரைடு வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்; சபையில் ஒவ்வொன்றாகக் கைகள் உயரத் தொடங்கின.