கூடாரத்துக்குள் ஓர் இடம்

செத்துப்போன மனிதரைப் பற்றி ஒரே மூச்சில் இத்தனை பொய்யைப் பாட முடியும் என்று பெகாயிமுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டு வாசலில் கம்பளிக் கூடாரம் போட்டாகிவிட்டது. உள்ளே திரைக்குப் பின்னால் துர்கன்பாய் கிடந்தார். கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். திரைக்கு இந்தப் பக்கம், தலையில் கறுப்புத் துணி கட்டிய பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவருடைய மூத்த மகள் தமீரா. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து நேற்றுதான் வந்தாள். வந்த கையோடு ஒப்பாரியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

“ஏழு கடலும் சுத்தி வந்த எங்கப்பா, புயலும் போரும் ஜெயிச்சு வந்த எங்கப்பா…”

எந்தப் போர்? எந்தப் புயல்? மனிதர் காலமெல்லாம் வேலை பார்த்தது இதோ, தெருக்கோடியில் தெரிகிற ஏரியில். சோவியத் காலத்தில் அங்கே டார்பிடோக்களை விட்டுச் சோதித்துப் பார்ப்பார்கள். சில, ஏரியின் அடியில் போய்ச் சேற்றில் சொருகிக்கொள்ளும். அவற்றைத் தேடி எடுத்து வரும் படகுக்கு அவர் தலைவர். “சுட்டவனுக்கு மெடல், பொறுக்கினவனுக்கு ஜலதோஷம்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இது பெற்ற மகளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு நாளாவது வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா?

தெரிந்தவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பெகாயிம், துர்கன்பாயின் மகன் எமில்பெக்குக்குப் பிறந்த முதல் குழந்தை. முதல் குழந்தையைத் தாத்தா பாட்டிக்குக் கொடுத்துவிடுவது அந்த ஊர் வழக்கம். கொடுத்தால் கொடுத்ததுதான். அதற்குப் பிறகு தாத்தாதான் அப்பா, பெற்றவன் அண்ணன். இவள் வந்த இரண்டு வருடத்தில் கிழவி கண்ணை மூடிவிட்டாள். குழந்தையைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று ஊரே நினைத்தது. “கப்பலைப் பாதியில விட்டுட்டு இறங்குற பழக்கம் எனக்கில்ல” என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் முழு உடுப்பு மாட்டி, இடுப்பில் குறுவாளும் தொங்க வந்து நிற்பார். டீச்சர் பயந்துபோய் எழுந்து நிற்பாள்.

ஆறு வயதில் ஒருமுறை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரோ சொன்னதைக் கேட்டு, பஜாரில் எமில்பெக்கைப் பார்த்ததும் “அப்பா!” என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் அக்கம்பக்கம் பார்த்தான். அவள் கையைப் பிரித்து விலக்கினான். “அண்ணேன்னு சொல்லு. உங்கப்பா வீட்ல இருக்காரு” என்றான். வழக்கப்படி அவன் சொன்னது சரிதான். அவளும் அப்புறம் தப்பாகக் கூப்பிட்டதே இல்லை.

இன்று காலையில் அவள் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு கூடாரத்துக்குள் நுழையப் போனபோது தமீரா கையை நீட்டி மறித்தாள்.

“எங்க வர்ற? இது மகளுங்க, மருமகளுங்க உக்கார்ற இடம். பேத்திங்க எல்லாம் அடுப்படியில.”

“அக்கா, நான் பேத்தியா? ஊரைக் கேளுங்க.”

ஊர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. எமில்பெக் வாசலில் இடுப்பில் துணி கட்டி, கைத்தடி மேல் குனிந்து, துக்கத்துக்கு வருகிறவர்களை எதிர்கொள்ள நின்றிருந்தான். பெகாயிம் அவனைப் பார்த்தாள்.

“அக்கா சொல்றது சரிதான்” என்றான் அவன். “நீ என் மக. போ மகளே, வேலையைப் பாரு.”

மகளே! பிறந்ததிலிருந்து அவன் வாயில் வராத சொல். அவளை வெளியே தள்ளுவதற்கு ஒத்தாசையாக இன்றைக்கு வந்துவிட்டது. மத்தியானம் அவரைத் தூக்கிவிடுவார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. அதற்குள் அந்தச் சுவரோரம் உட்கார்ந்து அழாதவளை ஊர் இனிமேல் துர்கன்பாயின் மகள் என்று சொல்லாது.

அண்டாவில் குதிரைக்கறியைக் கிளறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பாத்மா திரும்பிப் பார்த்தாள்.

“ஏண்டி, வெங்காயத்தை இப்படியா கொல்லுவே?”

“உள்ள அவரையே கொன்னுக்கிட்டிருக்காங்க. ஏழு கடலாம்!”

“அப்போ போய் நிறுத்து. உக்காந்து என்கிட்ட சொன்னா ஆச்சா?” என்றாள் பாத்மா. “கத்தியை மட்டும் இங்க வச்சுட்டுப் போ தாயே.”

பெகாயிம் கத்தியை வைத்தாள். வெங்காய வாடையோடு நேரே கூடாரத்துக்குள் போய், தமீராவை இடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். தமீரா அவள் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள்.

“எழுந்து போடி, மானம் கெட்டவளே!”

பெகாயிம் தொண்டையைத் திறந்தாள்.

“ஏழு கடல் சுத்தலையே எங்கப்பா – இந்த
ஏரி ஒண்ணே போதுமின்னீங்க எங்கப்பா
சேத்துக்குள்ள கையைவிட்டு இரும்பெடுத்த கையால
சிக்கெடுத்துச் சடைபோட்டீங்க எங்கப்பா”

சுவரோரம் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வாயை மூடினார்கள். தமீரா இன்னும் அழுத்திக் கிள்ளினாள். கிள்ளட்டும்.

“பண்டிகைக்குப் பண்டிகை உடுப்பு மாட்டி வாசலிலே
பாத்து நின்னீங்களே எங்கப்பா
மகன் வருவான், மக வருவா, சோறு ஆறிப் போச்சுதே
ஆறினதை நாமதானே தின்னோம் எங்கப்பா”

கம்பளிச் சுவர் எந்தச் சத்தத்தையும் மறைக்காது. வெளியே ஆண்களின் அழுகை நின்றுவிட்டது. எமில்பெக் எங்கும் ஓட முடியாது. இறந்தவரின் மகன் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, கைத்தடி மேல் குனிந்து நின்றே ஆக வேண்டும். வருகிறவர்கள் ஒவ்வொருவராக அவனைக் கட்டிப்பிடித்தார்கள். கட்டிப்பிடித்தபடியே எல்லாரும் உள்ளிருந்து வந்த பாட்டைக் கேட்டார்கள். பெகாயிமுக்கு அது தெரியும். தெரிந்துதான் குரலை உயர்த்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேராக, அவன் குரல் தணிந்து கேட்டது.

“மகளே, போதும். ஊரே நிக்குது. நிறுத்து மகளே.”

அவள் திரும்பவில்லை.

“அண்ணே” என்றாள், வெளியே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. “நீங்கதானே பஜார்ல சொல்லிக்கொடுத்தீங்க? நான் மறக்கல. நம்ம அப்பா இதோ இருக்காரு, அண்ணே. நான் இன்னும் அழுது முடிக்கல.”

தமீரா கிள்ளிய கையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

பெகாயிம் விட்ட அடியிலிருந்து பாடினாள்.