மிச்சத்துக்குக் காவல்

யாரோ மறுபடியும் ஃபேனைப் போட்டுவிட்டார்கள். மகள் எழுந்து போய் அணைத்தாள். அப்பாவின் மூடிய இமைகள் மேல் வைத்திருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள், ஓரம் காய்ந்திருந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து திரும்ப வைத்தாள். கண் வங்கியில் போனில் சொன்னது இவ்வளவுதான்: காற்று படக்கூடாது, கண் காயக்கூடாது, தலை கொஞ்சம் உயரமாக இருக்கட்டும்.

"இந்தப் புழுக்கத்துல ஃபேன் இல்லாம வந்தவங்க எப்படி உக்காருவாங்க?" என்றாள் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை.

"கொஞ்ச நேரம்தான் அத்தை."

"காலையில காப்பியைக் குடிச்சாரு, பேப்பரைப் படிச்சு மடிச்சு வச்சாரு, அப்படியே சாஞ்சுட்டாரு. யாருக்கும் ஒரு தொந்தரவு வைக்கலை. அவரு மேல போயிக் கத்தி வைக்கணுமா?"

மகள் திரும்ப உட்கார்ந்தாள். அப்பா கையெழுத்துப் போட்ட கண் தானப் படிவம் அவள் மடியில் இருந்தது.

அப்பா துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். ஏணியில் நூற்று எண்பத்து நாலு படி ஏறினால்தான் அவருடைய கூண்டு. நாற்பத்தாறு வயதில், வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனையில் கண் அழுத்த நோய் இருப்பது தெரிந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. இடது கண்ணில் ஓரப்பார்வை கரைந்திருந்ததை வலது கண் சமாளித்து மறைத்திருந்தது. அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கும் இதுதான் வந்திருக்க வேண்டும். அவருக்குப் பார்வை போனபோது வீட்டில் எல்லோரும் வயசு என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று அப்பா வீட்டுக்கு வந்து சொன்னது மகளுக்கு இன்னும் காதில் இருந்தது. "கண்ணுக்குப் பின்னால பத்து லட்சம் நரம்பு செல்லு இருக்காம். எனக்கு ரெண்டு மூணு லட்சம் போயிடுச்சு. போனது போனதுதானாம், திரும்ப முளைக்காதாம். இனிமே மிச்சத்துக்கு நான் காவல்."

காவல் என்றால் காவல்தான். காலையும் மாலையும் சொட்டு மருந்து. கல்யாண வீட்டிலும் ரயிலிலும் தலையை அண்ணாந்துகொண்டு நிற்பார். பரம்பரையாக வரக்கூடியது என்று மகளை இரண்டு வருஷத்துக்கொரு முறை கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவார். தங்கை மட்டும் பிடி கொடுக்கவில்லை. "ஊசியில நூல் கோக்குறேன், எனக்கென்ன கேடு?" என்பாள்.

கடைசி நாலு வருஷம் ஒரு பரிசோதனை மாத்திரையும் சாப்பிட்டார். நரம்பு செல்களைச் சாகவிடாமல் காக்குமா என்று பார்ப்பதற்கான மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கே தெரியாது.

"மாவைத் தின்னுட்டுப் பெருமை வேற!" என்று அத்தை கேலி செய்தாள்.

"இது மருந்துன்னு நிரூபிக்க, மாவு தின்ன ஒருத்தன் வேணுமில்ல?" என்றார் அப்பா.

பத்து மணி வாக்கில் கண் வங்கியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் ஐஸ் பெட்டி. அத்தை அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"முகம் எப்படியிருக்கும்?"

"தூங்குற மாதிரியே இருக்கும்மா. உங்களுக்கு மனசு இல்லைன்னா சொல்லுங்க, நான் போயிடுறேன்."

மகள் படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அத்தையை மீறி அவளால் அந்த வாசலைத் தாண்ட முடியாது. அம்மா இல்லாத வீட்டில் அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் அத்தை.

"கண்ணை எடுத்து என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் அத்தை.

"முன்னாடி இருக்கிற கருவிழி ரெண்டு பேருக்குப் போகும். பின்னாடி நரம்பு இருக்கிற பகுதி ஆராய்ச்சிக்கு. உயிரோட இருக்கும்போது அதை வெட்டிப் பாக்க முடியாதில்ல? இவருக்கு எத்தனை செல்லு தப்பிச்சிருக்குன்னு எண்ணிப் பாப்பாங்க."

"எண்ணுவாங்களா?"

"மைக்ராஸ்கோப்புல வச்சு எண்ணுவாங்கம்மா."

அத்தை கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். உதடு கோணியது. சிரிக்கிறாள் என்று புரிய மகளுக்கு ஒரு கணம் ஆனது.

"ஏணிப்படியைக் கூட எண்ணிக்கிட்டு ஏறுன மனுஷன். நல்லா எண்ணச் சொல்லு" என்று சொல்லி வழி விட்டாள்.

கதவு சாத்தியிருந்த அரை மணி நேரமும் அத்தை கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மகள் ஒரு டம்ளர் தண்ணீரை அவளுடைய இடது பக்கமாக நீட்டினாள். அத்தை வாங்கவில்லை. நேராகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இன்னும் தீரவில்லை போல என்று மகள் டம்ளரை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள். அப்போது அத்தை முந்தானையைச் சரிசெய்யக் கையைத் தூக்க, டம்ளர் தட்டித் தண்ணீர் இருவர் மேலும் கொட்டியது.

"எப்ப வந்து நின்னே? குரல் குடுக்கக் கூடாதா?" என்றாள் அத்தை, தலையை முழுதாகத் திருப்பி.

வேலை முடிந்து கதவைத் திறந்த பெண் இதைப் பார்த்தாள். மகளும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாசல் வரை கூடப் போன மகள் கேட்டாள். "அப்பாவுக்குக் குடுத்தது மருந்தா, மாவா?"

"எனக்குத் தெரியாதுங்க. ஆராய்ச்சி முடிஞ்சாதான் சொல்லுவாங்க." அந்தப் பெண் ஐஸ் பெட்டியை வண்டியில் வைத்துக் கட்டினாள். "ஆனா கடைசி வரைக்கும் அவரு பேப்பர் படிச்சாரில்ல?"

"இன்னைக்குக் காலையில வரைக்கும்."

"அப்புறமென்ன!"

சாயங்காலம் அப்பாவை எடுத்தார்கள். அதற்கு முன் அத்தை குனிந்து, கிட்டத்தில் வெகுநேரம் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்தாள். "தூங்குறாருதான்" என்றாள்.

அடுத்த வாரம் மகள் அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ் ஏறியதிலிருந்து இறங்கும் வரை அத்தை புலம்பினாள். ஆனால் இறங்கிய பிறகு மகளின் கையை விடவில்லை. சின்ன இருட்டறையில், வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவியின் முன் அவளை உட்கார வைத்து, முகவாயைத் தாங்கியில் பதித்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள்.

"நடுவுல இருக்கிற புள்ளியை மட்டும் பாருங்கம்மா. எங்கேயாவது வெளிச்சம் மின்னினா அழுத்துங்க."

"மின்னலைன்னா?"

"சும்மா இருங்க."

"சும்மா இருக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளுக்குச் சிரிப்பு வந்தது. கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே பேச்சு அடங்கி, பொத்தான் அழுத்தும் சத்தம் கேட்கத் தொடங்கியது. டிக். டிக். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மகள் பையை மடியில் அணைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

டிக்.