கோபுர விளக்குக்கு நான்கு நட்சத்திரம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் கொதிகலன் பார்ப்பது அவன் உத்தியோகம். எட்டு மணி நேரம் நீராவியோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, மறுபடியும் நீராவியைப் பற்றியே நாவல் எழுதுகிறவனை என்னவென்று சொல்வது? "செக்குமாடு லீவு நாள்லயும் செக்கைத்தான் சுத்துமாம்" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

பெட்ரோலே கண்டுபிடிக்கப்படாத ஓர் உலகம். வானத்தில் நீராவிக் கப்பல்கள். அதில் ஒன்றை ஓட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் பறந்துபோகும் பதினைந்து வயதுப் பெண். இளசுகளுக்கான அந்தக் கதையின் முதல் பாகம் தப்பித்தவறி நன்றாகப் போய்விட்டது. இரண்டாம் பாகம் வந்து ஒரு மாதம் ஆகிறது. மூன்றாம் பாகம் உண்டா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் பதிப்பாளர்.

ஞாயிறு காலை மனைவி வாசகர் கருத்துகளைப் போனில் உரக்கப் படித்தாள். தானே படிக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"'அடுத்த பாகத்துக்காக ஒரு வருஷம் காத்திருந்தேன். அந்த வருஷத்தைத் திருப்பிக் குடுங்க.' ரெண்டு நட்சத்திரம்."

"அடுத்தது."

"'பதினஞ்சு வயசுப் பொண்ணு இப்படிப் பேசமாட்டா. எனக்குப் பதினஞ்சு வயசு.'"

"நியாயம்தான். அடுத்தது."

"'இன்னும் படிக்கலை. அட்டை மடங்கி வந்துது.' ஒரு நட்சத்திரம்."

"இருக்கறதுலயே இவர்தான் நல்ல மனுஷன்" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் வற்றிப்போனது. "மூணாவது வேண்டாம்னு சொல்லிடறேன். நமக்கெல்லாம் எதுக்கு?"

"இருங்க. நாலு நட்சத்திரம் ஒண்ணு இருக்கு. 'மகளோட பேச்சை நிறுத்திட்ட அப்பன், அவ கப்பல் இறங்க வழி தெரியணுமேன்னு தினம் கோபுரத்துல ஏறி விளக்கேத்தற இடத்தை மூணு தடவை படிச்சேன்.' என்னங்க, இது எந்தப் பக்கத்துல வருது? நான் பார்க்கவே இல்லையே?"

அவன் எழுந்துவிட்டான். அந்த அத்தியாயம் புத்தகத்தில் இல்லை. "அப்பன் படியேறுவதை எந்தப் பிள்ளை படிக்கும்?" என்று பதிப்பாளர் தூக்கிவிட்டார். அது இருந்தது பழைய அச்சுத் தாள்களில் மட்டும். அந்தத் தாள்களைப் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று, எண் புதிர் போட மாமனாரிடம் கொடுத்திருந்தான்.

உள்ளறையில் மாமனார் கட்டிலில் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"மாமா, என் புத்தகத்துக்குக் கருத்து எழுதினீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லை பாருங்க."

"அந்தக் கோபுரம் புத்தகத்துலயே கிடையாது மாமா."

பென்சில் நின்றது. "கிடையாதா? தாள்ல இருக்கே!" என்றவர், அகப்பட்டுக்கொண்டது புரிந்து மூக்கைச் சொறிந்தார்.

"மருமகனாச்சேன்னு போட்டீங்களா?"

"அப்படிப் போட்டா அஞ்சு போட்டிருக்க மாட்டேனா? வால்வை இடது பக்கம் திருப்பி மூடறா உங்க கதாநாயகி. முப்பது வருஷம் பம்ப் ஹவுஸ்ல இருந்தவன்கிட்ட அது நடக்குமா? அதுக்கு ஒண்ணு கழிச்சேன்."

கொதிகலன்காரனுக்கு இதைவிட மானக்கேடு கிடையாது. தலையைக் குனிந்துகொண்டான்.

மாமனார் தாளின் மடிப்பை விரலால் நீவினார். குரல் இறங்கியிருந்தது. "நான் உங்க தெருவுல சைக்கிள்ல சுத்தினதைப் பார்த்திருக்கீங்க, இல்ல?"

பார்த்திருந்தான். அவரைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட பிறகு மகளோடு அவர் பேசாதிருந்த இரண்டு வருடமும், அவர் வேலைக்குப் போகும் வழியிலேயே இல்லாத அந்தத் தெருவுக்குள் தினமும் சைக்கிள் வரும். மாடியில் காயும் மகளின் துணிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பும்.

"தினமும் பார்த்தேன் மாமா."

"அவகிட்ட சொல்லலையே?"

"இல்லை. சொல்ல வேண்டியவர் நீங்க."

"எனக்கு வாய் வரலை மாப்பிள்ளை. நீங்க எழுதி வச்சிருந்தீங்க. அதான்..."

"எந்த சைக்கிள்ப்பா?"

மனைவி போனும் கையுமாக அறை வாசலில் நின்றிருந்தாள். மாமனார் அவசரமாகப் பென்சிலை எடுத்து, ஒரே கட்டத்தில் இரண்டு எண்களை எழுதினார். பிறகு மருமகனைப் பார்த்தார். சலவைக்கூடத்துக்குப் புதிதாக வந்தவன் கொதிகலனைப் பார்க்கிற பார்வை.

"மூணாம் பாகத்துல வருது" என்றான் அவன்.

"வேண்டாம்னு சொல்லப்போறேன்னீங்க?"

"ஒரு மனுஷனைக் கோபுரத்து மேலயே நிக்க வச்சுட்டு எப்படி விடறது?"

அவள் உள்ளே வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தாளைத் திருப்பிப் படிக்கத் தொடங்கினாள்.